பின்கட்டு வேறு மாவட்டம்

ஊடுவயலில் நாற்பத்தொரு வீடு.
பூட்டியவை இருபத்தாறு.
பூட்டியதையும் எழுதவேண்டும், அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு உட்காரவைத்துவிட்டு
கையில் போனும் கழுத்தில் அட்டையுமாக
நான் வந்து நின்ற முதல் கதவு
வயி.சுப. வீட்டுக் கதவு.
தட்டினால் கை வலிக்கும். உள்ளே கேட்காது.

கீழத்தெருவில் முகப்பு, மேலத்தெருவில் பின்வாசல்.
நடுவில் எங்கேயோ
இரண்டாங்கட்டுத் தூண்களுக்கிடையில்
மாவட்டம் முடிகிறது.
எந்தத் தூண் என்பதுதான் வழக்கு.
சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்தார்,
சாப்பிட்டார், போனார்.
எல்லைக்கல்லில் வெள்ளைக்கண்ணு வீட்டில்
துணி துவைக்கிறார்கள் என்று பேச்சு.

ஊரில் எத்தனை பேர் என்றால்
கேட்பவர் யாரென்று பார்த்துத்தான் சொல்லமுடியும்.
கோயில் நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டரைப் புள்ளி.
அந்த அரை, ஈப்போவில் இருக்கும் நாச்சம்மை.
கணவர் தவறிய மாசியிலிருந்து அரை.
வாக்காளர் பட்டியலில் நூற்று எண்பது,
பதினொருவர் சுடுகாட்டில்.
தேர்தல் என்றால் இரண்டு மாவட்டமும்
எங்கள் ஊர் என்கின்றன.
கண்மாய் உடைந்த ஐப்பசியில்
இரண்டும் கடிதம் எழுதிக்கொண்டன,
உங்கள் ஊர் என்று.

ஆண்டியப்பனும் அடைக்கலமும் அண்ணன் தம்பி.
ஒரே கூரை, இரண்டு அடுப்பு, பேச்சில்லை.
இரண்டு குடும்பத் தலைவர் என்று பதிந்தேன்.
கமருன்னிஷா மகனையும் சேர்க்கச் சொன்னார்:
'ஷார்ஜான்னா என்ன டீச்சர்,
தினம் என் முன்னாலதானே சாப்பிடுறான், போன்ல?'
விதி இல்லை என்றேன்.
வைத்த டீயை
எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வயி.சுப. வீட்டுக்குப் பங்குதாரர் முப்பத்தேழு.
முப்பத்தேழு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கேஸ்.
சாவி எவரிடமும் இல்லையென்று
கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
மேலத்தெருவுக்குச் சுற்றிப் போனேன்.
பின்வாசல் கொடியில் சட்டைகள் காய்ந்தன.

தைலமரம் வெட்ட ராயகடாவிலிருந்து வந்தவர்கள்,
பதினான்கு பேர்.
பிதேஷி நாயக்குக்கு எண்கள் மட்டும் நல்ல தமிழில் வரும்.
கூலி தமிழில் வருகிறதே.
அவன் மனைவி சஞ்சுலதா, நிறைமாதம்,
ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்திருந்தாள்.
உட்காரக்கூடாதென்று அவளுக்கு யார் சொல்வது.
தாய்மொழி? ஒடியா. வந்த காரணம்? வேலை.
எத்தனை நாள் இருப்பீர்கள் என்பது
படிவத்தில் இல்லாத கேள்வி. நான் கேட்டேன்.
அவன் காட்டைக் காட்டினான்:
'வெட்டுனா மறுபடி வருது மேடம்.'

பிப்ரவரி கடைசி ராத்திரி, பன்னிரண்டு மணி.
அந்த நொடியில் மூச்சிருப்பவர்தான் ஜனத்தொகை.
வீடில்லாதவர்களை எண்ண பஸ் நிறுத்தத்தில் நின்றேன்,
ஒருவரும் இல்லை, ஒரு நாய்.
அப்போது பிதேஷியின் போன்.

நூற்றெட்டில் ஒரு பெண் கேட்டாள், எந்த மாவட்டம்?
முன்வாசலா பின்வாசலா என்று நான் கேட்கவேண்டியிருந்தது.
மேலத்தெருவில் வண்டி திரும்பாது.
முகப்புக்கு வந்தது. முகப்பில் பூட்டு.
ஆண்டியப்பன் கடப்பாரையை நீட்ட
அடைக்கலம் வாங்கி
இரண்டே போடு.
அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

தூண்களுக்கு நடுவே, ஆத்தங்குடித் தரையில்,
பெண்.
என் கைக்கடிகாரம் பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் என்றது.
நர்ஸ் எழுதியது பன்னிரண்டு ஏழு.
போன் நர்ஸ் பக்கம்.
பதினான்கை நான் பதினைந்தாக்கவில்லை.
கை வரைக்கும் வந்தது, ஆக்கவில்லை.

மார்ச் இருபதாம் தேதி கோர்ட்டு நோட்டீஸ்,
இரண்டு மாவட்டத்திலிருந்தும், ஒரே வாசகம்.
முப்பத்தேழு பேரும் முதல்தடவையாக
ஒரே தாளில் கையெழுத்து.
அத்துமீறி நுழைந்தவர்கள், பெயர் வாரியாக.
பிதேஷி படிக்கச் சொன்னான், விரல் வைத்துப் படித்தேன்.
பதினான்காவதாக சஞ்சுலதா.
பதினைந்து:
பெயர் தெரியாத பெண் குழந்தை.